பழைய இரும்புக் கடையில் நாற்பது நிமிடம்

போன மாதம் குமார் போன் செய்தான். எர்ணாவூரில் நான் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த கன்டெய்னர் லாரி ஷெட்டில் இப்போது அவன்தான் ஃபோர்மன். எனக்குக் கீழே பதினைந்து வருஷம் ஸ்பேனர் பிடித்தவன். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் பேசுவான். நடுவில் கூப்பிட்டால் ஏதோ ஒரு வண்டி அவனிடம் மல்லுக்கு நிற்கிறது என்று அர்த்தம்.

"அண்ணே, நம்ம பழைய வண்டில கடைசியா ஒண்ணு கீது. சூடாயிட்டா ஸ்லோவுல ஆயில் லைட்டு எரியுது. ரேஸ் பண்ணா அணைஞ்சிடுது. புது வண்டிங்கள்ல எல்லாம் போன்லயே நம்பர் வந்துடுது. ஷெட்டுல கீறவங்களுக்கு இத்த எங்க ஆரம்பிச்சி பாக்குறதுன்னே தெர்ல. நீங்க வரிசையா எழுதிக் குடுங்கண்ணே, செவுத்துல ஒட்டிடறேன்."

சரி என்றேன். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் சுவரில் ஒட்டுகிற அளவுக்குள் எழுத எனக்கு வரவில்லை. பேச ஆள் இல்லாதவனிடம் போய்க் கேள்வி கேட்டால் இதுதான் கதி.

நான் இருப்பது ராயபுரத்தில், இரண்டாவது மாடி. என் மனைவி ரெஜினா போய் நாலு வருஷம் ஆகிறது. பெண்கள் இரண்டு பேரும் வெளியூரில். பால்கனியில் நின்றால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசை தெரியும். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதை எங்கள் தொழிலில் ஸ்லோ என்போம். வரிசையில் எந்த வண்டி ஸ்லோவில் தடுமாறுகிறது என்று மேலே நின்றபடியே சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்பது சும்மா பேச்சு. இங்கே யாரிடம் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினுக்குள் ஆயிலை ஒரு பம்பு அழுத்தித் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில்தான் சுழல்தண்டான கிராங்கும் அதைத் தாங்குகிற பேரிங்கும் ஒன்றையொன்று தின்னாமல் சுற்றுகின்றன. அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பழைய வண்டியில் காலையில் எல்லாம் சரியாக இருக்கும். சூடேறி ஆயில் தண்ணியாகி, வண்டி ஸ்லோவில் நிற்கும்போது விளக்கு மெல்லச் சிமிட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். சென்னை துறைமுக வரிசையில் வண்டி ஒரு நாள் முழுக்க ஸ்லோவில் நிற்கும். அதனால் இந்த வியாதி எங்கள் பக்கத்து டிரைவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

தொழில் பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரையும் போல டீசலில் கை கழுவினேன், திட்டு வாங்கினேன். எனக்கு வாய்த்த ஃபோர்மனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் ஞானப்பிரகாசம். தூத்துக்குடிப் பக்கம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் முறை ஒன்று உண்டு. ஆயில் லைட் கேஸ் வந்தால் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவு பார்ப்பார், பிறகு மூக்கருகே வைத்து டீசல் வாடை அடிக்கிறதா என்று முகர்வார். அடுத்து விளக்குக்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் தனியாக ஒரு பிரஷர் கேஜை மாட்டுவார். சுவிட்ச் பொய் சொல்லும், கேஜ் சொல்லாது என்பது அவர் கட்சி. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, கிரீஸ் டின்னைக் கவிழ்த்துப் போட்டு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இன்ஜின் நன்றாகச் சூடாகி, அதற்கு மேலும் இருபது நிமிடம் ஆகும் வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். சூட்டில், ஸ்லோவில், முள் ஒரு கிலோவுக்கு மேல் நின்றால் வீட்டுக்குப் போகலாம். அதற்குக் கீழே இறங்கினால் வேலை ஆரம்பம்.

அதற்கும் வரிசை உண்டு. முதலில் வெளியிலிருந்தே கழற்றக்கூடிய ரிலீஃப் வால்வு. அழுத்தம் அளவு மீறினால் ஆயிலைத் திருப்பி விடுகிற சின்னக் கதவு அது. ஒரு போல்ட், ஒரு ஸ்பிரிங், விரல் அளவில் ஒரு பிளஞ்சர், அவ்வளவுதான். அந்தக் கதவு சரியாக மூடாவிட்டாலும் விளக்கு இதே மாதிரிதான் எரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பை இறக்கிச் சல்லடை பார்க்க வேண்டும், கடைசியில்தான் பேரிங். "கழுத்தை அறுக்கறதுக்கு முன்னாடி சட்டைப் பொத்தானை அவுத்துப் பாரு" என்பார்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. சோதனை முடியும் வரை டிரைவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். டீக்கடைக்குப் போக விட மாட்டார். "வண்டியில உக்காந்து கிடக்கறவர் அவரு. நல்லதோ கெட்டதோ, அவரும் காதால கேக்கட்டும்" என்பார். வேலை நடக்கிற இடத்தில் டிரைவர் நின்றால் தொணதொணப்புத்தானே, இந்த மனுஷன் ஏன் இப்படி என்று நான் நினைத்தேன். அவர் ஓய்வுபெற்று அந்த இடத்துக்கு நான் வந்ததும் முதலில் விட்டது அந்த வழக்கத்தைத்தான்.

அவர் திட்டிய ஒரே விஷயம் பசை. பாகங்களின் இணைப்பில் ஆயில் கசியாமல் இருக்கத் தடவும் சிவப்புப் பசை. எண்ணூர் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் அரிக்கும், இணைப்பெல்லாம் கசியும். துறைமுக கேட்டிலோ ஆயில் சொட்டுகிற வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் வரிசையில் நின்றவன் கேட்டிலிருந்து திரும்பி வந்தால் நம்மைச் சும்மா விடுவானா? அதனால் ஷெட்டில் எல்லோருக்கும் பசையை அள்ளித் தடவுகிற கை வந்துவிட்டது. எனக்கும்தான். அவர் பார்த்துவிட்டால், "நூல் மாதிரி வைக்கணும் சூசை. வெளியே பிதுங்குறது உன் கண்ணுக்குத் தெரியும், துடைச்சிருவே. உள்ளே பிதுங்குறதை யாரு துடைப்பா?" என்பார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்கும் அப்படியே தடவுவேன்.

இனி தேவராஜ். எங்கள் கம்பெனியில் பழைய டிரைவர். வண்டிகளை நம்பர் பிளேட்டின் கடைசி இரண்டு எண்ணை வைத்துத்தான் கூப்பிடுவோம். அவன் வண்டி நாற்பத்தேழு. பத்தொன்பது வருஷம் அவனைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவன். திருவொற்றியூரை ஒட்டிய டோல்கேட் பகுதியில் அக்கா வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி வைத்திருந்தான். மற்றபடி குடித்தனம் எல்லாம் நாற்பத்தேழின் கேபினுக்குள்தான். ஸ்டவ் முதல் முகம் பார்க்கிற கண்ணாடி வரை அதில் இருந்தன. வரிசையில் நிற்கும்போது எனக்குப் போன் செய்து, முன்னால் என்னென்ன வண்டி எத்தனையாவதாக நிற்கிறது என்று கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்வான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வெளியே வந்தால் கோயில் வாசலில் நிற்பான். கோயிலுக்குள் வர மாட்டான், ரெஜினா வைக்கும் மீன் குழம்புக்கு மட்டும் வருவான். எனக்கு இருந்த ஒரே தோஸ்து அவன்தான். இரண்டாவது ஒருவனைத் தேட வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருஷம் அவன் வண்டிக்கு அந்த வியாதி வந்தது.

"மாமு, நாலு நாளா லைட்டு கண்ணடிச்சிகினு கீது" என்று வந்து நின்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் முகம் சரியில்லை. காரணம் எனக்குத் தெரியும். முதலாளி அதற்கு முந்தின மாதமே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: "அந்த வண்டி ஓடுற வரைக்கும் தேவராஜ் ஓட்டட்டும். அது நின்னா அவரும் ஓய்வெடுத்துக்கட்டும். புது வண்டிக்கு வயசுப் பிள்ளைங்க போதும்." முதலாளி கெட்டவர் அல்ல. இன்ஜினைப் பிரித்துக் கிராங்கு மாற்றும் செலவுக்கு அந்த வண்டி தாங்காது என்பது அவர் கணக்கு. ஆகவே பேரிங் போயிருந்தால் நாற்பத்தேழு இரும்புக் கடைக்கு, தேவராஜ் வீட்டுக்கு. அப்படி ஒரு வீடு அவனுக்கு இருந்தால்.

அன்று ஷெட்டில் இன்னும் மூன்று வண்டிகள் வேலைக்கு நின்றன. தேவராஜைப் பார்த்தபடி வேலை செய்ய என்னால் முடியவில்லை. "நீ போய் டீ சாப்பிட்டு வா, நான் பாக்குறேன்" என்று அனுப்பிவிட்டேன். டிப்ஸ்டிக் பார்த்தேன், முகர்ந்தேன், கேஜ் மாட்டினேன், சூடேற்றினேன். முள் ஒரு கிலோவுக்குக் கீழே தொங்கியது. அடுத்தது ரிலீஃப் வால்வு. அதன் போல்ட் உப்புத் துருவில் அப்படியே ஒட்டிப்போயிருந்தது. இரண்டு முறை ஸ்பேனர் போட்டேன். தலை மழுங்கியதுதான் மிச்சம். கேஸ் விளக்கை வைத்துச் சூடு காட்டியிருந்தால் வந்திருக்கும். கேஸ் சிலிண்டர் அன்று அடுத்த கொட்டகையில் வெல்டிங் வேலையில் இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நான் காத்திருக்கவில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தேன். அடியில் ஒரு மந்தமான தட்டல் கேட்டது. கேட்டது என்றுதான் நினைத்தேன். இருபது வருஷமாக இந்தக் காதைப் புகழ்ந்து பேசாதவர் ஷெட்டில் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

மாலையில் முதலாளி வந்தார். "கிராங்கு பேரிங் போயிடுச்சுங்க" என்றேன். அவர் தேவராஜைப் பார்த்து, "வேணும்னா வெளியில வேற மெக்கானிக்கை ஒரு தடவை கூட்டியாந்து காட்டுவமா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார்.

தேவராஜ் என்னைப் பார்த்தான். "வேற ஆளு இன்னாத்துக்கு மொதலாளி? மாமு சொல்லிட்டான்ல. அவனுக்குத் தெரியாதது வேற எவனுக்குத் தெரியப் போவுது" என்றான்.

மறுநாள் காலையில் கேபினிலிருந்து ஸ்டவ்வையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனான். போகும்போது கதவைச் சாத்திவிட்டு, சாத்தியது சரியாக விழுந்ததா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தான்.

மூன்று வாரம் கழித்து எங்கள் இன்னொரு பழைய வண்டிக்கு ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் உடைந்தது. புதிது கிடைக்கவில்லை. நாற்பத்தேழு திருவொற்றியூர் பக்கம் ஒரு இரும்புக் கடையில் இன்னும் வெட்டாமல் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, அதிலிருந்து கழற்றி வரலாம் என்று போனேன். கடைக்காரர் ஒரு வயதான பாய். கேஸ் விளக்குக் கொடுத்தார். சூடு காட்டியதும் அன்று அசையாத போல்ட் அல்வா மாதிரி திரும்பியது. ஸ்பிரிங் வந்தது. பிளஞ்சர் வரவில்லை. கம்பியால் நெம்பி எடுத்தேன். அதற்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே சிவப்பாக ஏதோ சிக்கியிருந்தது. விரலால் எடுத்தேன். காய்ந்த பசை. சேமியா நீளம், சேமியா கனம்.

நாலு மாதம் முன்னால் அந்த வால்வு இருக்கிற ஃபில்டர் ஹெட்டைக் கசிவுக்காகக் கழற்றி மாட்டியது நான்தான். வேறு யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே பிதுங்கியதை நான் துடைக்கவில்லை.

 வால்வைத் துடைத்து மாட்டினேன். என் பையிலிருந்த கேஜை மாட்டினேன். பாயிடம் ஒரு பேட்டரி கேட்டேன். "இன்னா ஃபோர்மன், வித்த வண்டியை ரிப்பேர் பண்றே?" என்று சிரித்தார். ஸ்டார்ட் ஆனது. சூடேறட்டும் என்று காத்திருந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. நாற்பது நிமிடம் ஸ்லோவில் ஓடியது. முள் ஒன்றரை கிலோவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. விளக்கு எரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டேன். எந்தத் தட்டலும் இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொல்லித் திரும்ப வாங்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். பேப்பரெல்லாம் ரத்தாகிவிட்டது, நாளைக்கு வெட்டுகிறோம் என்றார் பாய். இன்ஜினை அணைத்தேன். ஸ்பிரிங்கை எடுக்காமலே திரும்பி வந்தேன். கிடைக்கவில்லை என்று ஷெட்டில் சொன்னேன்.

அன்றிரவு தேவராஜ் போன் செய்தான். நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பின்வாசல் வழியாக வந்தேன். ஒரு மாதம் கழித்து அவன் கூப்பிடுவது நின்றது. மாத்தூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். ரெஜினா செத்தபோது வந்தான். யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறையில் என் கையைப் பிடித்து, "சாப்புடு மாமு, சாப்புடாம கெடக்காத" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பான். அவன் என்னை விட்டுப் போகவில்லை. நான்தான் ஒளிந்துகொண்டேன். இந்த மாடியில் இப்படித் தனியாகக் கிடப்பதற்கு வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

குமாருக்குப் போனிலேயே வரிசையைச் சொன்னேன். ரிலீஃப் வால்வை விட்டுவிட்டு மேலே போகாதே, போல்ட் வராவிட்டால் சூடு காட்டு, சூடு காட்ட முடியாவிட்டால் நாளைக்குச் செய் என்றேன். கடைசியில், "டிரைவரைப் பக்கத்துல நிக்க வை" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்ததே எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவன் கூப்பிட்டான். "அண்ணே, வால்வு சுத்தமாத்தான் இருந்துச்சு. சம்ப்பை எறக்கிட்டோம். பேரிங்தான் போயிருக்கு, மேல்பூச்சு தேஞ்சி செம்பு தெரியுது. டிரைவர் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சரி குமாரு, அது வயசும் ஆச்சு, வண்டி நல்லாத்தான் ஒழச்சுதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

அந்த டிரைவருக்கும் வண்டி போய்விட்டது. ஆனால் அவர் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பஸ் பிடித்து மாத்தூர் போனேன். குடோன் கேட்டில் நீலச் சட்டை போட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினான்.

"இன்னா மாமு, வழி தவறி வந்துட்டியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பசை, போல்ட், சிலிண்டருக்குக் காத்திருக்காதது, இரும்புக் கடை. ஒன்றையும் விடவில்லை. இடையில் ஒரு கன்டெய்னர் வண்டி வந்தது. போய் கேட்டைத் திறந்துவிட்டு, நம்பரை நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பி வந்து நின்றான். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

முடித்ததும் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எவ்ளோ நேரம் ஓடுச்சு?" என்று கேட்டான்.

"நாப்பது நிமிஷம்."

"ஸ்லோவுலயா?"

"ஸ்லோவுலதான்."

"லைட்டு?"

"எரியல தேவராஜ்."

அவன் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி போனதெல்லாம் அவன் மனதில் எப்போதோ ஆறிப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆறாதது வேறு ஏதோ. அது என்னவென்று அவனே சொன்னான்.

"அன்னிக்கு டோல்கேட்லதான மாமு இருந்தேன். ஒரு போனு பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே. நானும் பக்கத்துல நின்னு அது ஓடுறத கேட்டிருப்பேன்ல."